எழுபது வளைவும் ஒரு கையெழுத்தும்



ஆடி மாதம் பிறந்துவிட்டது. கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவுக்கு ஆயத்தம் தொடங்கியிருக்கும். பதினெட்டாம் பெருக்கன்று சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வண்டி வண்டியாக மேலே ஏறுவார்கள். இந்த வேளையில் வாசகர் வட்டத்தார் என்னை அழைத்து, "பயணம் பற்றிப் பேசுங்கள் அம்மா" என்றார்கள். நான் காசிக்குப் போனவள் அல்ல. சிங்கப்பூர் பார்த்தவள் அல்ல. மழை பெய்து வானம் கழுவிவிட்ட காலையில் ராசிபுரம் மொட்டைமாடியில் நின்றால் கிழக்கே ஒரு மலை தெரிகிறதே, அந்த மலைக்குப் போய்வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். போனது யாரோடு? கணவரோடு அல்ல, பிள்ளைகளோடு அல்ல. என் கூடப்பிறந்த அண்ணனோடு. நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

இன்றைய பொருள் அதுதான். கூடப்பிறந்தவரோடு ஒரே வண்டியில் போவது.

உங்களைக் கேட்கிறேன். கல்யாணம் ஆன பிறகு அண்ணனோடோ, அக்காவோடோ, தம்பி தங்கையோடோ, வேறு ஒருவரும் இல்லாமல் ஒரு பகல் முழுக்க எங்காவது போயிருக்கிறீர்களா? கை தூக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தப்பாக நினைத்துக்கொள்வார். ஆனால் மனசுக்குள் எண்ணிப்பாருங்கள். காதுகுத்தில் சந்திக்கிறோம். வளைகாப்பில் சந்திக்கிறோம். கருமாதியில் சந்திக்கிறோம். சந்தித்து என்ன பேசுகிறோம்? "எப்ப வந்தே? சாப்பிட்டியா? பந்தி நடக்குது, போய் உக்காரு." அவ்வளவுதான். ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சோறு பிடுங்கித் தின்று, ஒரே அப்பாவிடம் அடி வாங்கியவர்கள், ஐம்பது வயதில் பந்தியில் இடம் இருக்கிறதா என்பதை மட்டும் பேசிக்கொள்கிறோம்.

நம் கதைகளைப் பாருங்கள். கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து நடந்த பாதை எத்தனை இருக்கிறது! இராமனும் இலக்குவனும் நடந்தது எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். பாரியின் மகளிரை நினையுங்கள். பறம்பு மலை போய், அப்பன் போய், ஆண்ட நாடு போய், கபிலரின் பின்னால் ஊர் ஊராக நடந்த அக்காள் தங்கை. வழி நெடுக அந்த இரண்டு பெண்களும் ஒருத்திக்கொருத்தி என்ன பேசிக்கொண்டார்கள் என்று எந்தப் புலவரும் எழுதவில்லை. கபிலர் எந்தெந்த அரசனிடம் கேட்டார், யார் யார் மறுத்தார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அக்காள் தங்கை பேச்சு மட்டும் தெரியாது.

கொங்கு நாட்டுக் கதைக்கு வருவோம். அண்ணன்மார் சாமி கதை. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். உடுக்கடிப் பாட்டுக்காரர் இரவு இரவாகப் பாடுவார், ஊரே உட்கார்ந்து அழும். பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியல் ஆய்வாளர் 1965-இல் காங்கேயம் பக்கம் ஒலப்பாளையத்தில் இதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதில் ஒரு கட்டம். அண்ணன்மார் இருவரும் வீரப்பூர்க் காட்டில் மாண்டு கிடக்கிறார்கள். தங்காள் தன்னந்தனியாகக் காட்டு வழி நடந்து, படுகளம் தேடிப் போய், அவர்களை எழுப்புகிறாள். எழுகிறார்கள். சிறிது நேரம் பேசுகிறார்கள். மறுபடி சாய்ந்துவிடுகிறார்கள். சின்ன வயதில் அந்தக் கட்டத்தில் நானும் அழுதிருக்கிறேன். இப்போது கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உயிரோடு இருந்தபோது உட்கார்ந்து பேச நேரமில்லையா? பேசுவதற்கு ஒருத்தன் செத்துப்போக வேண்டுமா?

கொல்லிமலைக்கே ஒரு அண்ணன் தம்பி கதை உண்டு. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர், கேரளத்துக்காரர்கள் அல்லர், தமிழ் பேசும் மலைமக்கள், தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும்போது காஞ்சிபுரத்தில் தொடங்குவார்கள். காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்களாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். ஒருவன் சேர்வராயன் மலையில் தங்கினான், ஒருவன் பச்சைமலையில், ஒருவன் கொல்லிமலையில். சொல்பவருக்குச் சொல்பவர் சேதி கொஞ்சம் மாறும். ஆனால் மூன்று பேர், மூன்று மலை, அது மாறாது. அவையோரே, நாம் குடியிருப்பது எங்கே? அந்த மூன்று மலைகளுக்கும் நடுவே கிடக்கிற சமவெளியில். மூன்று அண்ணன் தம்பிகளும் கடைசியாகச் சேர்ந்து நடந்த வழி, இன்றைக்கு நாம் லாரி ஓட்டுகிற, கோழி வளர்க்கிற, மரவள்ளி நடுகிற இந்த மண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலும் ஒரு அண்ணன் தங்கை உண்டு. வேர்ட்ஸ்வொர்த் என்ற ஆங்கிலக் கவிஞரைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், தனியாக அறுவடை செய்துகொண்டே பாடும் மலைநாட்டுப் பெண்ணைப் பற்றி எழுதியவர். 1803 ஆகஸ்டில் அவர் ஸ்காட்லாந்து மலைநாட்டைப் பார்க்கக் கிளம்பினார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. வீட்டில் மனைவி, கைக்குழந்தை. அவர்களை விட்டுவிட்டு யாரைக் கூட்டிக்கொண்டு போனார் தெரியுமா? ஏறக்குறைய இரண்டு வயது இளையவளான தங்கை டாரதியை! (சிரிக்காதீர்கள், ஆண்பிள்ளைகளே, இதை வீட்டில் போய் முன்னுதாரணமாகக் காட்ட வேண்டாம்.) கோல்ரிட்ஜ் என்ற நண்பரும் கூட வந்தார், பாதி வழியில் பிரிந்து போய்விட்டார். மிச்ச தூரம் அண்ணனும் தங்கையும்தான். ஒற்றைக் குதிரை பூட்டிய திறந்த வண்டி. ஆறு வாரம். 663 மைல். கிளைடு ஆற்றின் அருவிகளைப் பார்த்தார்கள், ஓடக்காரன் குடிசையில் படுத்தார்கள், மழையில் நனைந்தார்கள். அண்ணன் கவிதை எழுதினான், உலகம் கொண்டாடியது. தங்கை பயணம் முழுவதையும் உரைநடையில் எழுதி வைத்தாள். அது அச்சேறியது எப்போது? 1874-இல். அவள் இறந்து பத்தொன்பது வருடம் கழித்து! அண்ணன் எழுதியது உடனே அச்சாகும். தங்கை எழுதியது பெட்டியில் கிடக்கும். அந்த ஊரிலும் அப்படித்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

என் அண்ணன் லாரிக்காரர். கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்தமாக ஒரு வண்டி வாங்கியவர். நாமக்கல் என்றால் கோழிமுட்டை, லாரி. சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. இந்தியாவில் எந்த மாநிலத்துச் சாலையோரத்திலும் நம் ஊர்ப் பேர் எழுதிய வண்டி ஒன்று நின்றுகொண்டிருக்கும். அண்ணனைக் கேட்டால் நாக்பூரில் எந்தத் தாபாவில் பருப்பு நன்றாக இருக்கும் என்று சொல்வார். குவாஹாட்டி போகும் வழியில் எங்கே பாலம் குறுகல் என்று சொல்வார். காஷ்மீருக்கு லோடு போயிருக்கிறார். ஆனால் வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற கொல்லிமலை அருவியை அவர் பார்த்ததில்லை! "அங்க எதுக்கு, லோடா இருக்குது?" என்பார். லோடு இல்லாத ஊர் அவருக்கு ஊரே இல்லை.

நானும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் பெண்பிள்ளையை மலைக்கு அனுப்பமாட்டார்கள். கொல்லிப்பாவை இருக்கிறாள், சிரித்தே ஆளைக் கொன்றுவிடுவாள் என்று பாட்டி பயமுறுத்தி வைத்திருந்தாள். சங்கப் பாட்டில் வருகிற அதே பாவை. சிரிக்கிற பெண் ஆபத்தானவள் என்கிற எண்ணம் நம்மவர்களுக்கு ரொம்பப் பழசு. இருக்கட்டும்.

அண்ணன் வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, ஒரு ஐப்பசியில் நானே போன் போட்டுக் கேட்டேன். "அண்ணா, கொல்லிமலைக்குப் போலாமா?" "யாரெல்லாம்?" "நீயும் நானும்." எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வண்டிக்கு டீசல் போடணும்" என்றார். எங்கள் அண்ணன் மொழியில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

சேலத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பினோம். அவருடைய பழைய பொலேரோ. மல்லூர், ஆண்டகளூர் கேட், ராசிபுரம். நாலு வழிச்சாலையில் பேச ஒன்றும் இல்லை. பார்க்கவும் ஒன்றும் இல்லை. ராசிபுரம் தாண்டிய பிறகுதான் ஊர் ஊராகத் தெரியத் தொடங்கியது. நாமகிரிப்பேட்டைக்குத் திரும்பும் இடத்தில் அண்ணன் "மஞ்சள் மூட்டை ஏத்துவோம் இங்க" என்றார். நான் "நாதஸ்வரம் கிருஷ்ணன் ஊர்" என்றேன். ஒரே ஊர், அவருக்கு மஞ்சள், எனக்கு நாதஸ்வரம். பேளுக்குறிச்சியில் டீ. அங்கே சந்தை நடக்கிற இடத்தைக் காட்டி, அம்மா மிளகும் சீரகமும் வருஷத்துக்கு ஒரு முறை இங்கேதான் வாங்கிப்போவாள் என்றார். எனக்குத் தெரியாது. அம்மாவோடு சந்தைக்குப் போனது அவர். அடுப்படியில் நின்றது நான். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு அம்மா முழுசாகக் கிடைக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

காளப்பநாயக்கன்பட்டி கடந்து காரவள்ளி. அங்கேதான் மலை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! ஏற்காட்டுக்கு இருபது, அதற்கே சிலருக்குத் தலை சுற்றும். இங்கே எழுபது. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். முள்ளுக்குறிச்சி வழியாகவும் மேலே போகலாம். ஆனால் கொல்லிமலை போனேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்றால் காரவள்ளி வழியாகத்தான் ஏற வேண்டும். இது என் கட்சி.

அண்ணன் ஓட்டுவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருடம் அவர் என்ன வேலை செய்தார் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது! வளைவுக்கு முன்னாலேயே கியர் குறைக்கிறார். ஹாரன் அடித்துவிட்டு, எதிரில் பதில் ஹாரன் வருகிறதா என்று ஒரு நொடி காது கொடுக்கிறார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், இதுதான் மலைச் சட்டம் என்கிறார். "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல எறங்கணும் பாப்பா. பிரேக்கை நம்பி எறங்கினவன் வீட்டுக்குப் போகமாட்டான்." எனக்கு அறுபதை நெருங்குகிறது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து பேச முடியாததை வண்டியில் பேச முடியும். ஏன்? இரண்டு பேரும் முன்னால் ரோட்டைப் பார்க்கிறோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை. கோபம் வந்தால் எழுந்து போக முடியாது, கதவுக்கு வெளியே பள்ளம். பேச்சு கசந்தால் வளைவு வந்துவிடும், பேசாமல் இருக்கலாம். வளைவு முடிந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம், தொடராமலும் விடலாம். நேர்ச்சாலை இந்த வசதியைத் தருமா? வீட்டுக் கூடம் தருமா? பத்திரப்பதிவு அலுவலகத்து மரபெஞ்சு தருமா?

பத்திரப்பதிவு என்றேன். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது அதுதான். அப்பா போன பிறகு நிலத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதினார்கள். என்னை வரச் சொன்னார்கள். போனேன். கையெழுத்துப் போட்டேன். பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அண்ணன் என்னோடு பேசியதெல்லாம் "நல்லா இருக்கியா" மட்டும்தான்.

இந்த அவையில் எத்தனை பெண்கள் அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பீர்கள்! பெண்ணுக்கும் சொத்தில் பங்கு வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெரியார் தீர்மானம் போட்டார். அறுபது வருடம் கழித்து, 1989-இல், கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு. ஆனால் ஒரு கோடு கிழித்தார்கள். 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவளுக்கு அந்த உரிமை கிடையாது! ஒரே வீடு, ஒரே தாய் வயிறு. 1988-இல் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு இல்லை, 1990-இல் கட்டிக்கொடுத்த தங்கைக்கு உண்டு. நான் கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றவள். பூர்வீகத்தில் பிறப்புரிமை இல்லை, அப்பாவின் பங்கு கழிந்த வகையில் வரும் துண்டுக்குத்தான் என் கையெழுத்து தேவைப்பட்டது. 2005 செப்டம்பரில் நடுவண் அரசு திருத்தம் கொண்டுவந்து அந்தக் கோட்டை அழித்தது. அப்பா உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளின் உரிமை பிறப்பிலேயே வந்தது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் பாகம் பிரிந்து, பத்திரம் பதிந்து, ஆறிப்போயிருந்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிந்த பாகப்பிரிவினையைப் புதுச் சட்டம் தொடாது.

வளைவுகளில் பாதி கடந்திருப்போம். அண்ணன் திடீரென்று, "பாப்பா, அந்தக் கையெழுத்து..." என்றார்.

"எந்தக் கையெழுத்து?"

"தெரியாத மாதிரி கேக்காத."

வளைவு வந்தது. ஹாரன் அடித்தார். திரும்பினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நீ கேட்டிருந்தா ஒரு ஏக்கரா எழுதி வெச்சிருப்பேன்."

"நீ கேக்காமயே எழுதி வெச்சிருக்கலாமே?"

அடுத்த வளைவு. மேலிருந்து பஸ் இறங்குகிறது. நாம்தான் ஏறுகிறோம், பஸ்தான் நிற்க வேண்டும், சட்டம் அது. ஆனால் அண்ணன் ஒதுங்கி நின்றார். பஸ் உரசாமல் போயிற்று. கண்டக்டர் கை காட்டினார். வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்: "அப்ப வண்டிக்கு டியூ கட்டலை. பைனான்ஸ்காரன் லாரியைத் தூக்கிட்டுப் போயிருவான். நெலம் முழுசா எம்பேர்ல இருந்தாத்தான் அடமானம் வெக்க முடியும்னாங்க."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நானே பேனா எடுத்துக் குடுத்திருப்பேனே அண்ணா. பட்டுப்பொடவை எதுக்கு?"

"தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்றது, கடன்னு?"

அவையோரே, கவனியுங்கள். நான் இத்தனை வருடம் அண்ணன் நிலத்துக்கு ஆசைப்பட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர், தங்கச்சி நிலத்துக்கு ஆசைப்பட்டு மனசுக்குள் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் மறைத்தது பேராசையை அல்ல, கடனை. நான் மறைத்தது ஆசையை அல்ல, வருத்தத்தை. பைனான்ஸ்காரனுக்குத் தெரிந்தது, பத்திரம் எழுதியவருக்குத் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை! அதனால் நிலம் எனக்கு வந்திருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்திருக்க வேண்டும். அதை அண்ணனிடமே சொன்னேன். "ஆமா" என்றார். கியர் மாற்றினார்.

மேலே ஏறியதும் சோளக்காடு. அங்கே மலைவாழையும் மிளகும் பலாவும் விற்கும் சந்தை. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. வில்லோடு நிற்கிறான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியவன் என்று வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அந்த ஓரியைக் கொன்றது யார்? பகை நாட்டு மூர்க்கனா? இல்லை. இன்னொரு வள்ளல். மலையமான் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களில் அவனும் ஒருவன். இவனைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். இரண்டு பேரும் கேட்டவர்க்கெல்லாம் வாரிக் கொடுத்தவர்கள். மண் என்று வந்தபோது ஒருவன் ஒருவனைக் கொன்றான். சிலைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னேன். அண்ணன், "நாம பரவாயில்ல" என்றார்.

செம்மேட்டிலிருந்து வளப்பூர் நாட்டுப் பக்கம் போனால் அறப்பளீஸ்வரர் கோயில். மலையின் உச்சி உச்சியாக இருக்காது, மேசை போல அகன்று கிடக்கும். அதில் பதினாலு நாடுகள். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என்று சொல்லச் சொல்ல ஒரு சின்ன அரசாங்கம் மாதிரி இருக்கும். முன்பு இந்தச் சரிவெல்லாம் சாமையும் தினையும் கேழ்வரகும். இப்போது பார்க்கும் இடமெல்லாம் குச்சிக்கிழங்கு. ஏன்? கீழே சேலத்திலும் நாமக்கல்லிலும் ஜவ்வரிசி ஆலைகள் வாங்கக் காத்திருக்கின்றன. கிழங்குக்குக் காசு உண்டு, சாமைக்கு உரலில் குத்த ஆளில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இங்கே சிறுதானிய விதைகளைக் காப்பாற்ற மலைமக்களோடு வேலை செய்து வருகிறது. உமி நீக்கும் இயந்திரம் ஊருக்குள் வந்தால்தான் பெண்கள் சாமைக்குத் திரும்புவார்கள் என்று கண்டு அதையும் கொண்டுவந்தார்கள். விதை மட்டும் கொடுத்தால் போதாது, குத்துகிற கைக்கு ஓய்வும் கொடுக்க வேண்டும். இது கொஞ்சம் தலைப்பை விட்டு விலகல்தான். ஆனால் சாமைச்சோறு சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோயில் ஓரத்தில் ஐயாறு ஓடுகிறது. அதில் மீன்கள். யாரும் பிடிக்க மாட்டார்கள், பொரி போடுவார்கள். அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடியது இந்த அறப்பளீசுரர் மேல்தான். மலை மேல்பரப்பில் அங்கங்கே ஊறுகிற ஓடைகள் ஒன்று கூடித்தான் ஐயாறு. கோயிலைக் கடந்து கொஞ்ச தூரத்தில் மேசையின் விளிம்பு வந்துவிடுகிறது. அங்கிருந்து சுமார் 300 அடி கீழே குதிக்கிறது. அதுதான் ஆகாய கங்கை.

பார்க்க வேண்டும் என்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்க வேண்டும். எங்கள் இரண்டு பேர் முழங்கால்களின் நிலைமையை நான் விவரிக்கப் போவதில்லை. கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்த முழங்கால் ஒன்று, மாடிப்படி ஏறியே தேய்ந்தது ஒன்று. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். சின்னப் பிள்ளைகள் எங்களைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். பாதி வழியிலேயே சத்தம் வந்துவிட்டது. இன்னும் இறங்கினால் சாரல். இன்னும் இறங்கினால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. சார்னோக்கைட் என்ற கருங்கல் பாறைச் சுவர், அதன் மேலிருந்து தண்ணீர் வெள்ளையாக இறங்கி, பாதியில் பாறையில் பட்டுச் சிதறி, கீழே புகையாக எழும்புகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு போனதால் தண்ணீர் அதிகம். கோடையில் போய்விட்டு, "அருவி எங்கே?" என்று கேட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஆடியிலிருந்து மார்கழி வரை போங்கள்.

அண்ணன் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியோடு போய் நின்றார். ஏதோ கத்தினார். கேட்கவில்லை. மறுபடி கத்தினார். கேட்கவில்லை. கடைசியில் அவரே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் நிறுத்தினார். புடவையோடு நனைந்தேன். பாட்டி இருந்திருந்தால் திட்டியிருப்பாள். வெளியே வந்து, "என்ன கத்தினே?" என்று கேட்டேன். "செருப்பைப் பத்திரமா வெச்சியான்னு கேட்டேன்" என்றார்.

அந்தத் தண்ணீர் அதோடு நிற்பதில்லை. கீழே இறங்கிப் புளியஞ்சோலையில் பாறைகளுக்கு நடுவே ஓடி, துறையூர்ச் சமவெளிக்குப் போய், காவிரியில் சேர்கிறது. அங்கே கொள்ளிடக் கரையில் தைப்பூசத்தன்று ஒரு விழா நடக்கும். சமயபுரத்து மாரியம்மன் ஆற்றங்கரைக்கு வருவாள். அண்ணன் ஸ்ரீரங்கம் ரங்கநாதரிடமிருந்து அவளுக்குச் சீர் வரும். பட்டுப்புடவை, மாலை, தட்டு தட்டாக. வருஷம் தவறுவதில்லை. சாமிக்கே வருஷத்துக்கு ஒருமுறை அண்ணன் நினைப்பு வேண்டியிருக்கிறது. படியேறும்போது மூச்சு வாங்க வாங்க இதை நான் சொன்னபோது அண்ணன், "அவங்களுக்குப் பாகப்பிரிவினை ஆயிடுச்சா?" என்று கேட்டார். படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம். பக்கத்தில் ஏறிய ஒரு பையன் எங்களைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிப் போனான்.

ஒரு வேண்டுகோள். அருவிக்குப் போகிற பிள்ளைகள் ஷாம்பு பாக்கெட்டையும் பாட்டிலையும் பாறை இடுக்கில் செருகிவிட்டு வருகிறார்கள். அந்தத் தண்ணீரைக் கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைசி வரிசைக் கல்லூரிப் பிள்ளைகளே, கேட்கிறதா?

போவதாக இருந்தால், விடியற்காலையில் கிளம்புங்கள். மாலை மங்குமுன் மலையிறங்கிவிடுங்கள். மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி வரும் என்றால் எலுமிச்சை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரை, பிள்ளைகளை, மைத்துனரை யாரையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். இன்னோவா பிடித்து ஏழு பேராகப் போனால் அது சுற்றுலா. இரண்டு பேர் போங்கள். எந்தக் கேள்வியையும் கீழே கேட்காதீர்கள், காரவள்ளி தாண்டட்டும். அண்ணன் இல்லாதவர்கள் தம்பியோடு போகலாம். அக்காவும் தங்கையுமாகப் போனால் இன்னும் நல்லது, வண்டி ஓட்டத் தெரிந்தவள் ஓட்டட்டும்.

இன்றைக்கு இங்கே பேசப்போகிறேன் என்று அண்ணனிடம் நேற்றுச் சொன்னேன். "அருவியைப் பத்திப் பேசு, ஓரியைப் பத்திப் பேசு. அந்தப் பத்திரக் கதையை மட்டும் எடுக்காத. நம்ம ஆளுங்க நாலு பேரு வந்திருப்பாங்க" என்றார். அந்த நாலு பேரும் வந்திருக்கிறார்கள், பார்த்துவிட்டேன். அண்ணனுக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். சொல்லட்டும். ஆடிப் பதினெட்டுக்கு அவர் என்னை மறுபடி மலைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். திட்டுவதாக இருந்தால் வளைவு வளைவாகத் திட்டலாம், எழுபது இருக்கிறது.